ரேகை பார்த்த சர்க்கார்

ஒவ்வொரு நவம்பரிலும் நாம் உயிரோடு இருக்கிறோம் என்பதை நாமே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம். பென்ஷன் வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். நம்மூரில் இது இரண்டு பாஷையில் நடக்கும். இந்திய சர்க்கார் பென்ஷன்காரர்களுக்கு அது உயிர்வாழ் சான்று. சொல்தா வீடுகளில் 'செர்த்திஃபிகா த வீ'.

சென்ற நவம்பரில் நான் போனபோது, மேஜை மேல் இருந்த சின்னக் கண்ணாடிப் பெட்டி என் பெருவிரலை ஏற்றுக்கொள்ளவில்லை. நாலு தடவை வைத்தேன். வேட்டி நுனியில் துடைத்து வைத்தேன். இடது கையையும் கொடுத்துப் பார்த்தேன். எதிரே இருந்த பெண், என் பேத்தி வயசிருக்கும், "உங்க ரேகை தேஞ்சு போச்சு தாத்தா, கண்ணைக் காட்டுங்க" என்று வேறொரு கருவியை எடுத்தாள். கண் தப்பவில்லை. நான் உயிரோடு இருப்பதாகப் பதிவாகிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று ஞாபகம் வந்தது. கைரேகையை சர்க்கார் முறையாகக் கையில் எடுத்த முதல் சந்தர்ப்பங்களில் ஒன்றே பென்ஷன்காரர்களுக்காகத்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாக எழுதினால் என்ன என்று தோன்றியது. கதை வங்காளத்தில் ஆரம்பித்து, பாரிஸ் போய், மறுபடி வங்காளத்துக்கு வந்து, கடைசியில் மதுரைப் பக்கம் ரத்தக் கறையோடு நிற்கிறது.

வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற ஊரில் இருந்தார். 1858-ல் சாலை போடச் சரளை தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்ற கான்டிராக்டரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். பின்னால் "இது என் கையெழுத்து இல்லை" என்று அவர் சொல்லிவிடக் கூடாதே என்று உள்ளங்கை முழுவதிலும் மை தடவிக் காகிதத்தின் பின்புறம் பதியவைத்தார். மிரட்டி வைக்கத்தான் செய்தார். பிறகு அதிலேயே அவருக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. சிநேகிதர்களின் விரல் பதிவுகளை வருஷக்கணக்கில் எடுத்து வைத்து, ரேகை மாறுவதில்லை என்று கண்டுகொண்டார். 1877-ல் ஹூக்ளி மாவட்டத்தில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, பென்ஷன் வாங்க வருபவர்களிடம் விரல் ரேகை வாங்கினார். பென்ஷன்காரர் இறந்த பிறகும் அவர் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்கிப் போகும் வேலை அன்றே இருந்தது. பத்திரப் பதிவிலும் சிறையிலும் கூட அவர் இதைச் செய்து பார்த்தார். மாகாணம் முழுவதும் செய்யலாம் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் கண்டுகொள்ளவில்லை. அவரும் ஓய்வு பெற்று ஊர் போய்ச் சேர்ந்தார்.

இனி பாரிஸ். நான் படித்தது பிரெஞ்சில் என்பதால், எனக்கு முதலில் தெரிந்த பெயர் ஹெர்ஷல் அல்ல, பெர்த்திய்யோன். அல்ஃபோன்ஸ் பெர்த்திய்யோன் பாரிஸ் போலீஸ் தலைமையகத்தில் 1879-ல் நகல் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். பிடிபட்டவர்களின் அங்க அடையாளங்களை அட்டையில் எழுதுவது வேலை. 'நடுத்தர உயரம், சாதாரண முகம்' என்று ஆயிரம் பேருக்கு எழுதினால் அதில் யாரை அடையாளம் காண்பது? அந்தக் காலத்து பிரெஞ்சு அரசுக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. பழைய குற்றவாளிகள் பெயரை மாற்றிக்கொண்டு புதியவர்கள் போல வந்து நிற்கிறார்கள். முன்பெல்லாம் குற்றவாளியின் தோளில் சூடு போட்டு அடையாளம் வைப்பார்கள். அந்தக் கொடுமையை 1832-ல் ஒழித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக என்ன செய்வது?

பெர்த்திய்யோன் ஒரு வழி சொன்னார். வளர்ந்த மனிதனின் எலும்பு அளவு மாறாது. உயரம், விரித்த கைகளின் நீளம், தலையின் நீள அகலம், இடது பாதம், இடது நடுவிரல் என்று பதினோரு அளவு எடுத்தால், எல்லாமே ஒத்துப்போகிற இரண்டு பேர் அமைவது மிக அரிது. ஒவ்வொரு அளவையும் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்றாகப் பிரித்து அட்டைகளை அலமாரியில் அடுக்கினால், தேடும் அட்டை சில நிமிஷத்தில் கைக்கு வரும். முதலில் மேலதிகாரி சிரித்து அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவர் 1882 டிசம்பரில் மூன்று மாதம் தவணை கொடுத்தார். தவணை முடியும் முன், 1883 பிப்ரவரியில் பொய்ப் பெயர் சொன்ன ஒரு பழைய கைதியை அவர் அடையாளம் காட்டிவிட்டார். அதன் பிறகு அவருக்கு ஏறுமுகம்தான். உலகெங்கும் போலீசார் கவராயத்தை எடுத்துக்கொண்டு கைதிகளின் தலையை அளக்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கவராயம் வங்காளத்துக்கும் வந்தது. அங்கே போலீஸ் தலைவராக இருந்தவர் எட்வர்ட் ஹென்றி. அளவு முறையின் கோளாறு அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தால் இரண்டு அளவு வருகிறது. கருவிக்குச் செலவு, ஆளுக்குப் பயிற்சி, நேரமும் அதிகம். இதற்குள் இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கால்டன் விரல் ரேகை பற்றி 1892-ல் புத்தகமே எழுதிவிட்டார். ரேகை ஆளுக்கு ஆள் வேறு, சாகும்வரை மாறாது என்பதெல்லாம் சரி. ஆனால் ஒரு லட்சம் ரேகைச் சீட்டு இருந்தால், கையில் இருக்கும் ஒன்றுக்கு ஜோடியை அதில் எப்படித் தேடுவது?

ரிக்கார்டு அறையில் காலம் தள்ளியவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். கேட்டபோது எடுத்துத் தர முடியாத கோப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

விடை கண்டுபிடித்தவர்கள் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த இரண்டு வங்காளத்து போலீஸ்காரர்கள், அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ். பத்து விரலையும் ஐந்து ஜோடியாக்கிக்கொள்ள வேண்டும். சுழி உள்ள விரலுக்கு, ஜோடியின் வரிசைப்படி 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. சுழி இல்லையென்றால் சைபர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு விரலின் மதிப்பு மேல் எண்ணுக்கும் மற்றதன் மதிப்பு கீழ் எண்ணுக்கும் போகும். கூட்டி வருவதோடு இரண்டிலும் ஒன்றைச் சேர்த்தால் 1 முதல் 32 வரை ஏதோ ஓர் எண் வரும். 32-ஐ 32-ஆல் பெருக்கினால் 1024. ஆக, 1024 புறாக்கூண்டு கொண்ட அலமாரி. எந்தச் சீட்டு வந்தாலும் அதற்கு ஒரு கூண்டு உண்டு. கணக்கில் கெட்டிக்காரரான ஹக்கின் மூளை இதில் பெரும்பங்கு என்பார்கள். ஆனால் உலகம் இதற்கு வைத்த பெயர் 'ஹென்றி முறை'. புத்தகத்தின் மேலும் ஹென்றி பெயர்தான். பின்னாளில் ஒருவருக்குக் கான் பகதூர், மற்றவருக்கு ராய் பகதூர் என்று பட்டமும் கொஞ்சம் பணமும் கிடைத்தன. குறிப்பு எழுதுபவன் கீழே, கையெழுத்துப் போடுபவர் மேலே. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் மையம். அளவு முறையா, ரேகை முறையா என்று தீர்மானிக்க இந்திய சர்க்கார் 1897-ல் ஒரு குழு போட்டது. இரண்டே பேர். சர்வேயர் ஜெனரல் ஸ்ட்ராஹன், ரசாயன விஞ்ஞானி பெட்லர். குற்றத் தடுப்புக்கு எந்தத் தொழில்நுட்பம் என்று ஓர் அரசு விஞ்ஞானிகளை உட்காரவைத்துக் கேட்ட ஆரம்ப கால விசாரணைகளில் இது ஒன்று. அவர்கள் நேர்மையாகத்தான் பார்த்தார்கள். எது எளிது, எதற்குச் செலவு குறைவு, எது சீக்கிரம் முடியும், எதில் முடிவு நிச்சயம் என்று வரிசையாகப் பரிசீலித்து, எல்லாவற்றிலும் ரேகையே மேல் என்றார்கள். 1897 ஜூன் 12-ஆம் தேதி சர்க்கார் அதை ஏற்றது. கல்கத்தாவில் உலகின் முதல் விரல் ரேகைப் பிரிவு உருவானது. இடம் ரைட்டர்ஸ் பில்டிங். அந்தக் காலத்து ரைட்டர் என்றால் குமாஸ்தா. எங்கள் ஜாதியின் கட்டடத்திலேயே இது பிறந்தது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. நான்கு வருஷம் கழித்து 1901-ல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டு இதையே எடுத்துக்கொண்டது.

அந்தக் குழு கேட்காத கேள்விகள் இரண்டு. இந்த முறை எத்தனை தடவைக்கு ஒரு தடவை தவறும்? இதை யார் மேல் பிரயோகிக்கப் போகிறீர்கள்?

முதல் கேள்வியின் வாடையை உணர்ந்தவர்கள் நீதிபதிகள். ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேனேஜர் கொலையுண்டு கிடந்தார். பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த வங்காளப் பஞ்சாங்கத்தின் மேல் ரத்தக்கறையோடு ஒரு விரல் பதிவு. பழைய வேலையாள் ஒருவன் முன்பு சிறை சென்றவன். அவன் ரேகை அலமாரியில் இருந்தது, ஒத்தும்போனது. 1898-ல் தீர்ப்பு வந்தது. திருட்டுக்குத் தண்டனை, கொலைக்கு இல்லை. பஞ்சாங்கத்தை அவன் தொட்டான் என்றுதான் ரேகை சொல்லும், கத்தியை எடுத்தது யார் என்று சொல்லாது. அந்த நிதானத்தை நான் மெச்சுகிறேன்.

நிதானம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் பெர்த்திய்யோனே உதாரணம். அளவு முறையால் புகழ் ஏறிய பிறகு, தனக்குச் சம்பந்தமில்லாத கையெழுத்து ஆராய்ச்சியிலும் இறங்கினார். 1894-ல் த்ரெய்ஃபுஸ் என்ற யூத ராணுவ அதிகாரி மேல் உளவுக் குற்றம் சாட்டினார்கள். கிடைத்த கடிதத்தின் எழுத்து அவருடையது போல இல்லை என்றதற்கு, வேண்டுமென்றே தன் எழுத்தைத் தானே போலி செய்து எழுதியிருக்கிறார் என்று பெர்த்திய்யோன் கணக்குப் போட்டுக் காட்டினார். நிரபராதி தண்டனை பெற்றுச் சைத்தான் தீவுக்குப் போனார். 1904-ல் புவான்கரே உள்ளிட்ட மூன்று பெரிய கணித மேதைகள் அந்தக் கணக்கைப் பரிசீலித்து, அடிப்படையே தவறு என்று எழுதிக் கொடுத்தார்கள். 1906-ல் த்ரெய்ஃபுஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இந்த வழக்கை நடத்தியபோது வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். நிபுணர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் முதலில் வருவது அந்த வகுப்புதான்.

1911-ல் லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து மோனா லிசா படம் திருடு போனது. கண்ணாடி மேல் திருடனின் இடது பெருவிரல் ரேகை இருந்தது. அவனை முன்பே பிடித்து அட்டை போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் அலமாரி உடல் அளவு வாரியாக அடுக்கப்பட்டது. ரேகையை வைத்து அதில் தேட வழியில்லை. இரண்டு வருஷம் கழித்து ஃபுளோரன்சில் படத்தை விற்கப் போய் அவனே அகப்பட்டான். பிறந்த நாட்டில் அளவு முறையின் பெருமையும் அதோடு அடங்கியது.

இனி இரண்டாவது கேள்வி. யார் மேல்?

குற்றப் பரம்பரைச் சட்டம் என்பதை 1871-ல் வட இந்தியாவுக்கு என்றுதான் கொண்டுவந்தார்கள். 1911-ல் திருத்தி எழுதிச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு சாதியில் பிறந்ததாலேயே ஒருவனைக் குற்றவாளி என்று பதிவு செய்து, பத்து விரலையும் மையில் தோய்த்து வாங்கிக்கொள்ள அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. பதிவானவன் போலீசுக்குத் தெரியாமல் ஊரை விட்டு நகரக் கூடாது. நம் மக்கள் இதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. சட்டப் புத்தகத்தில் இல்லாத அந்தப் பெயர்தான் விஷயத்தைச் சரியாகச் சொல்கிறது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்துத் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. குறைந்தது 16 பேர் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அந்த மக்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை 'ரோசாப்பூ துரை' என்று அவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் போனது.

பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் யோக்கியர்கள் என்று நினைக்க வேண்டாம். 1912 ஜூலையில் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஊர் ஊராகத் திரியும் ஜிப்ஸி குடும்பங்களில் 13 வயசு ஆன ஒவ்வொருவரும், உடல் அளவு, ரேகை, போட்டோ எல்லாம் ஒட்டிய நோட்டுப் புத்தகம் ஒன்றை எப்போதும் வைத்திருக்க வேண்டும். ஓர் ஊருக்குள் வரும்போதும் முத்திரை, போகும்போதும் முத்திரை. பெர்த்திய்யோன் குற்றவாளிக்கு என்று செய்த அட்டை, குற்றமே செய்யாதவர்களின் சட்டைப் பையில் ஏறியது. இரண்டாம் உலகப் போரில் இவர்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தபோது, யார் யார் என்று தேடும் வேலை முன்பே முடிந்திருந்தது. கடைசி முகாம் 1946-ல்தான் காலியானது. நோட்டுப் புத்தகம் 1969 வரை இருந்தது.

முதல் கேள்விக்கு எப்போது விடை தேடினார்கள்? 2004-ல் மாத்ரித் நகரில் ரயில்களில் குண்டு வெடித்தது. ஒரு பையில் கிடைத்த ரேகை தங்கள் நாட்டு வழக்கறிஞர் ஒருவருடையது என்று அமெரிக்க எஃப்.பி.ஐ. உறுதியாகச் சொல்லி, அவரை இரண்டு வாரம் அடைத்து வைத்தது. ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் காட்டியது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2009-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம், தடய அறிவியலில் பல முறைகளின் பிழை அளவு சோதிக்கப்படவே இல்லை, முதலில் அதை ஆராயுங்கள் என்று அறிக்கை கொடுத்தது. 2011-ல் வந்த பெரிய சோதனை ஒன்றில் 169 ரேகை நிபுணர்கள் பங்கெடுத்தார்கள். வேறு ஆளின் ரேகையை ஒத்தது என்று தவறாகச் சொன்னது 0.1 சதவீதம். அதே ஆளின் ரேகையை இல்லை என்று தள்ளியது 7.5 சதவீதம். ஆக, ரேகை நல்ல முறைதான். ஆனால் தவறவே தவறாது என்று நீதிமன்றங்களில் ஒரு நூற்றாண்டு சொல்லிவிட்டு, கல்கத்தாக் குழுவுக்கு 114 வருஷம் கழித்துத்தான் இந்த எண் கிடைத்தது.

கேள்வியை முன்னாலேயே கேட்ட சந்தர்ப்பமும் உண்டு. பிரான்சில் ஒவ்வொரு குடிமகனின் எண்ணையும் வைத்து எல்லா அரசுக் கோப்புகளையும் கம்ப்யூட்டரில் இணைக்க ஒரு திட்டம் தயாரானது. அதன் பெயர் 'சஃபாரி'. 1974 மார்ச்சில் 'ல மோந்த்' பத்திரிகை அதை வெளியிட்டது. இது பிரெஞ்சுக்காரர்களையே வேட்டையாடும் சஃபாரி என்று ஊரே கொந்தளித்தது. அரசு பின்வாங்கியது. 1978 ஜனவரியில் தகவல் பாதுகாப்புக்குச் சட்டமும், அதைக் கண்காணிக்கத் தனி ஆணையமும் வந்தன. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அதற்கு மேல் ஒரு காவல்காரர் வந்தார்.

நம் நாட்டில் 1920-ஆம் வருஷத்துக் கைதிகள் அடையாளச் சட்டம் போய், 2022-ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. ரேகையோடு கருவிழி, விழித்திரை, உடல் மாதிரிகள் எல்லாம் எடுக்கலாம். 75 வருஷம் வைத்திருக்கலாம். தெருமுனைக் கேமராவுக்கு முகம் பார்க்கத் தெரிந்துவிட்டது. குற்றத்தைத் தடுக்கும் ஆராய்ச்சிக்கு எந்த அரசும் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். நான் அதற்கு எதிரி அல்ல. என் வீட்டில் திருடு போனால் நானும் முதலில் கேட்பது கேமரா இருக்கிறதா என்றுதான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு, கருவி எத்தனை முறை தவறுகிறது என்று பார்க்கவும், தவறிய இடத்தில் அகப்பட்டவன் யாரிடம் போய் முறையிடுவான் என்று யோசிக்கவும் போக வேண்டும். அதுவும் கருவியை வாங்கும் முன்பே.

என் ரேகை விழாதபோது அந்தப் பெண்ணின் மேஜையில் இன்னொரு கருவி இருந்தது. அதுவும் தவறியிருந்தால் காகிதப் படிவம் இருந்தது. பெருங்காமநல்லூர்க்காரர்களுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. பத்து விரல் அல்லது துப்பாக்கி.

நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. நம் வயசில் ரேகை விழாமல் போவது சகஜம், கலவரப்பட வேண்டாம். முகம் காட்டியும் சான்று கொடுக்கலாம், படிவத்திலும் கொடுக்கலாம். நவம்பர் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாமல் முதல் வாரமே போய்விடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும்.